தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டாவது ரூட்டர்: மேலே நெட் வந்ததும் கீழே பிரிண்டர் காணாமல் போனதும்

வைஃபை மேல்மாடிக்கு எட்டவில்லை என்றால் இன்னொரு ரூட்டர் வாங்கி வயரைச் செருகிவிடலாம் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். முடிவு சரிதான். ஆனால் அந்த இரண்டாவது பெட்டி வந்து எந்த வேலையைப் பார்க்க வேண்டும், எந்த வேலையைப் பார்க்கவே கூடாது என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை, செருகுகிறார்கள், பச்சை விளக்கு எரிகிறது, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் என் பெரியம்மா வீட்டில் இப்படித்தான் நடந்தது. பல மாதம் இழுத்த அந்தக் குழப்பத்தையும், அது எங்கிருந்து வந்தது, எப்படிச் சரியானது என்பதையும் முழுதாக எழுதுகிறேன். இதே மாதிரி நீளவாக்கில் கட்டின வீடுகள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நிறைய இருக்கின்றன, அங்கெல்லாம் இது பயன்படும்.

வீடு எப்படிப்பட்டது

முகப்பு 15 அடிதான். உள்ளே போகப் போக 70 அடி நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டியது, அதனால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. முன்பகுதி பழைய வீடு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள். பின்பகுதியை இடித்துவிட்டுப் பிறகு கான்கிரீட்டில் எழுப்பினார்கள், தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி. இரண்டு பகுதிக்கும் நடுவில் வானம் பார்த்த ஒரு சின்ன முற்றம், அதை ஒட்டி மாடிப்படி.

தெருவைப் பார்த்த முன்னறையில் பெரியப்பாவின் ஜெராக்ஸ் கடை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் தெருக்கம்பத்திலிருந்து எது கிட்டவோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள், அதாவது கடைக்குள். அண்ணன், அண்ணி, பன்னிரண்டாவது படிக்கும் அவர்கள் பெண் மூவரும் இருப்பது பின்பக்கம் இரண்டாம் மாடியில். அண்ணனுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. ஆக, சிக்னல் புறப்படும் இடமும் அது தேவைப்படும் இடமும் வீட்டின் இரண்டு எதிர் மூலைகள். இதைவிட மோசமாக அமைக்க முடியாது.

போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். சிக்னல் பலத்தை அளக்கும் கணக்கில் கடைக்குள் மைனஸ் 38 டி.பி.எம்., முற்றத்தில் மைனஸ் 62, முதல் மாடி பின்னறையில் மைனஸ் 79, இரண்டாம் மாடியில் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் மைனஸ் 86-ல் தொட்டும் தொடாமலும் வந்தது, 5 ஜிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படவில்லை. இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது நெட்வொர்க் வேலை செய்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. மைனஸ் 86 என்றால் அதில் மீட்டிங்கே பேச முடியாது.

காரணம் தூரம் மட்டுமில்லை. கடையிலிருந்து இரண்டாம் மாடிக்குச் சாய்வாகப் போகும் சிக்னல் பழைய தடித்த சுவரைத் தாண்டி, கம்பி கட்டிய இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்ட வேண்டும். தளத்துக்குள் இருக்கும் கம்பிவலை ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். போதாததற்கு கடைக்கும் உள்கூடத்துக்கும் நடுவே, பெட்டிக்கு நேர் பின்னால், கொளத்தூரிலிருந்து வாங்கி வந்த நாலடி மீன்தொட்டி. தண்ணீர் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். உள்ளே இரும்பு பீரோ வேறு. மீன்தொட்டியை நகர்த்த பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை, ஏனென்றால் அதை நகர்த்தினாலும் இரண்டு தளம் அப்படியேதான் இருக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி: நாலு, ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டர் ஒன்றை வாங்கிக் கீழேயே வைத்தால் என்ன? வேண்டாம். பேச்சு இரண்டு பக்கமும் போக வேண்டும். ரூட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் பதில் சொல்ல வேண்டியது கையிலிருக்கும் போன், அதன் ஆன்டெனா சின்னது, பேட்டரியை மிச்சப்படுத்த அது மெதுவாகத்தான் பேசும். திரையில் நாலு கோடும் நிறைந்திருக்கும், பக்கம் திறக்காது. அது மாதிரிப் பெட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் வயரும் சாதாரண ரூட்டர் ஒன்றும் வாங்கிவிடலாம்.

வரும் வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றையும் அண்ணன் ஏற்கெனவே வாங்கிப் பார்த்திருந்தார். அதை முதல் மாடி பின்னறையில் மாட்டியிருந்தார்கள். அங்கே அதற்கே வருவது மைனஸ் 79, கேட்பதே அரைகுறையாக இருக்கும்போது அது எதைத் திரும்பச் சொல்லும்? தவிர, ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் ரிப்பீட்டர் என்றால் வேகம் பாதிக்குப் பாதி அடிவாங்கும். அது இப்போது அலமாரியில் கிடக்கிறது.

முதல் கோளாறு: பிரிண்டர் தெரியவில்லை

ரிப்பீட்டர் ஒத்துவராததால், தெரிந்தவர் ஒருவரை அழைத்து இரண்டாம் மாடி வரை வயர் இழுத்து, புது ரூட்டர் ஒன்றை வைத்தார்கள். வயர் இழுக்க வேண்டும் என்ற யோசனை மிகச் சரியானது. வந்தவர் வயரின் மேல்முனையை ரூட்டரின் நீல நிற வான் போர்ட்டில், அதாவது இன்டர்நெட் என்று குறித்திருக்கும் ஓட்டையில் செருகினார். பெட்டியோடு வரும் படத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். நெட் வந்தது, வேகமும் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் தான் தெரிந்தது, பேத்தி மேலேயிருந்து பிரிண்ட் கொடுத்தால் கடையில் இருக்கும் வைஃபை பிரிண்டர் பட்டியலில் வருவதேயில்லை. படியிறங்கி வந்து கடை வைஃபையில் சேர்ந்தால் உடனே தெரிகிறது.

நடந்தது இதுதான். வான் போர்ட்டில் வயர் செருகினால் அந்த ரூட்டர் முழு ரூட்டராக வேலை பார்க்கும். கீழே ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்து 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வீட்டுக்குத் தருகிறது. மேலே புது ரூட்டர் 192.168.0.1-ல் உட்கார்ந்து தனக்குக் கீழே 192.168.0 என்று தொடங்கும் இன்னொரு நெட்வொர்க்கை உண்டாக்குகிறது. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க், நடுவில் ஒரு தடுப்பு. இதைத்தான் டபுள் நாட் என்கிறார்கள். யூடியூப் பார்க்க, வாட்ஸ்அப் அனுப்ப இதனால் எந்தத் தொல்லையும் இல்லை, அதனால்தான் பல வீடுகளில் இது வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் ஓடுகிறது. ஆனால் போன் பிரிண்டரைத் தேடும்போது “இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா” என்று தன் நெட்வொர்க்குக்குள் மட்டும் குரல் கொடுக்கும், அந்தக் குரலை ரூட்டர் வெளியே கடத்தாது. டி.வி.க்கு படம் அனுப்புவது, கம்ப்யூட்டர்களுக்குள் ஃபோல்டர் பகிர்வது எல்லாமே இதில் அடிபடும்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. மேலே லேப்டாப்பில் பிரிண்டரின் பெயரைத் தேடாமல் அதன் முகவரியை நேராகத் தட்டிச் சேர்த்தால் பிரிண்ட் போகும். உள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகத் தடையில்லை, தேடும் குரல்தான் போகாது. மாறாக, கடை கம்ப்யூட்டரிலிருந்து மேலே இருக்கும் லேப்டாப்பை எட்ட முயன்றால் ஒன்றும் நடக்காது. இந்த இரண்டும் இப்படி அமைந்தால் டபுள் நாட் தான், வேறு எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கோளாறு: மேலே வைத்த பெட்டி கீழே நெட்டைப் பிடுங்கியது

பிரிண்டர் பிரச்சினையைக் கேட்ட இன்னொருவர், “வயரை எடுத்து மஞ்சள் போர்ட்டுல குத்துங்க, சரியாயிடும்” என்று போனிலேயே சொல்லியிருக்கிறார். பாதி சரியான யோசனை. மஞ்சள் போர்ட் என்பது லேன் போர்ட், அதாவது வீட்டுச் சாதனங்களைச் சேர்க்கும் ஓட்டை. அதில் செருகினால் இரண்டு பெட்டிக்கும் நடுவில் தடுப்பு இருக்காது, வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். பிரிண்டர் உடனே தெரிந்தது. ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை, அங்கிருந்துதான் உண்மையான தொல்லை ஆரம்பம்.

சில காலை நேரங்களில் கடை கம்ப்யூட்டரில் நெட் வராது. வைஃபை இருக்கும், முழுக் கோடு இருக்கும், “இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை” என்று காட்டும். அதே நேரத்தில் பெரியம்மா போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து வேறு யாருக்காவது போகும். சேவை நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு போன் செய்தால் “லைன் நல்லா இருக்கு சார், பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, லைன் நன்றாகத்தான் இருந்தது. பெரியப்பா மட்டும் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தார்: “கரண்ட்டு போய்ட்டு வந்தாலே இந்த ரோதனைதாம்ப்பா.” இந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. கோளாறைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் எப்போது வருகிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், ஒரு நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு போனும் “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று பொதுவில் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வேலைக்குத்தான் டி.எச்.சி.பி. என்று பெயர். வீட்டில் அந்த வேலையை ஒருவர்தான் பார்க்க வேண்டும். லேன் போர்ட்டுக்கு வயரை மாற்றினார்களே தவிர, மேல் ரூட்டரின் டி.எச்.சி.பி.யை அணைக்கவில்லை. அதனால் கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். முதலில் வந்த பதிலைத்தான் போன் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டி முந்தினால் நெட் வரும். மேல் ரூட்டர் முந்தினால் அது 192.168.0 வரிசையில் ஒரு முகவரியைக் கொடுத்து, “வெளியே போக என் வழியாக வா” என்று தன்னையே வாசலாகக் காட்டும். ஆனால் அதன் வான் போர்ட்டில்தான் ஒன்றுமே செருகவில்லையே, அந்த வாசல் சுவரில் முடிகிறது. சென்னையில் ஒரே தெருவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரிசை கதவு எண்கள் இருந்து, டெலிவரிக்கு வரும் பையன் 12-ஆம் எண் வீட்டைத் தேடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைவானே, அதே நிலைமைதான் அந்த வீட்டுக்குள் ஒவ்வொரு போனுக்கும்.

கரண்ட் சங்கதியும் இதோடு பொருந்திவிட்டது. மின்சாரம் திரும்பியதும் சாதாரண ரூட்டர் சட்டென்று எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து, லைனைப் பிடித்து, தயாராவதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் முகவரி கேட்ட அத்தனை பேருக்கும் மேல் ரூட்டரே பதில் சொல்லிவிடும், கடை கம்ப்யூட்டர் உட்பட, ஏனென்றால் இந்தக் கேள்வி வயர் வழியாக வீடு முழுக்கப் பரவும். அதன் பிறகு வாங்கிய முகவரியைப் புதுப்பிக்கும்போதும் போன் கொடுத்தவரிடமேதான் போய்க் கேட்கும், அதனால் தப்பான முகவரி தானாக விலகாது. “மறந்துவிடு” என்று அழுத்தி மறுபடி சேர்ந்தால் சில சமயம் சரியாவதும் சில சமயம் ஆகாததும் இதனால்தான்.

சோதிப்பது ஒரு நிமிட வேலை. நெட் வராத போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்து, கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். நெட் வரும் போனிலும் பாருங்கள். கடை கம்ப்யூட்டரில் 192.168.0.1, பெரியம்மா போனில் 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு கேட்வே காட்டினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது, இனி உதவி எண்ணுக்கு போன் செய்து காத்திருக்க வேண்டாம்.

சரிசெய்த விதம்

இரண்டாவது ரூட்டர் ரூட்டராக இருக்கவே கூடாது. முகவரி கொடுப்பது, வழி காட்டுவது, தடுப்பது எல்லாம் ஃபைபர் பெட்டியின் வேலை. மேலே இருப்பது வயரில் வருவதை வைஃபையாக மாற்றித் தரும் பெட்டி மட்டும். இப்போது வரும் பல ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் இது எல்லாம் தானே நடந்துவிடும், வயரையும் வான் போர்ட்டிலேயே விட்டுவிடலாம். பெரியம்மா வீட்டில் இருந்தது கொஞ்சம் பழைய மாடல், அந்தத் தேர்வு இல்லை, அதனால் கையால் செய்தேன்.

இதில் வரிசை முக்கியம். முதலில் மேல் ரூட்டரை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, லேப்டாப்பை மட்டும் அதோடு வயரில் இணைக்க வேண்டும். பிரவுசரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனதும் முதல் வேலையாக வைஃபை பெயர், பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அடுத்து அதன் சொந்த முகவரியை 192.168.0.1-லிருந்து 192.168.1.2-க்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் பிறகும் அதன் பக்கத்தைத் திறக்க முடியும். இந்த 2 என்ற எண் ஃபைபர் பெட்டி வேறு யாருக்கும் கொடுக்காத எண்ணாக இருக்க வேண்டும், அதனால் ஃபைபர் பெட்டிக்குள் போய் அது கொடுக்கும் வரிசையை 100 முதல் 200 வரை என்று சுருக்கி வைத்தேன். கடைசியாகத்தான் டி.எச்.சி.பி.யை அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கே முகவரி கிடைக்காது, பக்கம் திறக்காது, லேப்டாப்பில் முகவரியைக் கையால் போட்டு மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்ததும் கீழேயிருந்து வரும் வயரை லேன் போர்ட் ஒன்றில் செருகி, வான் போர்ட் மேல் ஒரு டேப்பை ஒட்டினேன், வேறு யாரும் பழக்கதோஷத்தில் அதில் செருகாமல் இருக்க. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு வயர்தான் போக வேண்டும். வேகம் கூடும் என்று இன்னொரு வயரையும் லேன் போர்ட்டில் செருகினால் தகவல் வட்டமடித்து மொத்த வீடும் படுத்துவிடும்.

பிரிண்டருக்கு ஃபைபர் பெட்டியிலேயே 192.168.1.20 என்று நிரந்தர முகவரி ஒதுக்கினேன். வீட்டில் எது மாறினாலும் பிரிண்டரின் முகவரி மாறக்கூடாது.

வயர்

ஏற்கெனவே இழுத்திருந்த வயரில் நெட் வந்தாலும் எவ்வளவு முயன்றாலும் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை. திட்டம் 200 மெகாபிட். இந்த 94 என்ற எண்ணைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் 100 மெகாபிட் இணைப்பில் மேல்செலவு போக மிஞ்சுவது அவ்வளவுதான். அதாவது வழியில் எங்கேயோ ஜிகாபிட் ஓடாமல் நூறில் நிற்கிறது.

இங்கே காரணம் இரண்டு இருந்தது. பல ஃபைபர் பெட்டிகளில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100. அந்த நல்ல போர்ட்டில் கடையில் பில் போடும் இன்னொரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது, அதற்கு நூறே அதிகம். இடம் மாற்றினேன், அப்படியும் 94. அப்புறம் மேல்முனைக் கனெக்டரை வெட்டிப் பார்த்தால் வயருக்குள் இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளில் பழுப்பு ஜோடி பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. 100 மெகாபிட்டுக்கு நாலு ஜோடியில் இரண்டு போதும், ஜிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஒரு ஜோடி போனாலும் பெட்டிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். காசிமேடு இங்கிருந்து கூப்பிடு தூரம், கடல்காற்றில் உப்பு இருக்கிறது, முற்றத்தில் திறந்த வெளியில் வயரை நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒட்டு வழியாகத்தான் ஈரம் ஏறியிருக்க வேண்டும்.

வயரை முழுதாக மாற்றுவது என்று முடிவாகி, எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், பாரிமுனை நெரிசலில் வயர்ச் சுருளோடு பஸ் ஏற வேண்டியதில்லை. வயர் வாங்கும்போது ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: முழுச் செம்பா, இல்லை அலுமினியத்தில் செம்பு பூசியதா? இரண்டாவது விலை குறைவு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு முறை வளைத்தாலே ஒடிந்துவிடும், அரிப்பும் சீக்கிரம் வரும். கையில் எடுத்தாலே எடை வித்தியாசம் தெரியும். எங்களுக்குத் தேவை 35 மீட்டர், மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார்கள். முற்றத்தில் வெயிலும் மழையும் படும் என்பதால் வெளிப்புறத்துக்கென்று வரும் கறுப்பு உறை போட்ட கேட் 6 ரக ஈதர்நெட் (நெட்வொர்க்) வயர். ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், ஆகவே நீளம் ஒரு கவலையே இல்லை.

கடையிலிருந்து உள்கூடத்து மேல்சுவர் ஓரமாக, முற்றம் தாண்டி, மாடிப்படிச் சுவரேறி இரண்டாம் மாடி வரை ஒரே துண்டு, நடுவில் ஒட்டு கிடையாது. கரண்ட் வயர் போகும் பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்குறுக்காக. வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தொய்வாகக் கீழே இறக்கி மேலே ஏற்றினோம், மழைத்தண்ணீர் ஓட்டைக்குள் போகாமல் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. செருகியதும் வேகம் 190-ஐத் தாண்டியது.

எங்கே வைப்பது, எந்தச் சேனல்

பழைய இடத்தில் அந்த ரூட்டர் அண்ணன் அறையில் இரும்பு பீரோவின் தலையில் இருந்தது. அதை மாடிப்படிக் கதவை ஒட்டிய கூடத்துச் சுவரில், லாஃப்ட் உயரத்தில் மாட்டினோம். அங்கிருந்து அறைகளுக்குக் கதவு வழியாகப் பார்வை, கீழே முதல் மாடிக்கு ஒரே ஒரு தளம், மாடிப்படி வழியாகக் கசியும் சிக்னல் வேறு. அண்ணன் அறையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் மைனஸ் 48, முதல் மாடி பின்னறையில் மைனஸ் 63.

சேனல் என்பது அலைவரிசைக்குள் ஒரு ரூட்டர் பேசும் குறுகிய பகுதி. இந்த விஷயத்தில் வடசென்னைக்கென்று ஒரு சிரமம் இருக்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரூட்டர். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் 3-லோ 8-லோ இருந்தால் இரண்டு பக்கத்தையும் கெடுக்கிறார். கீழே 1, மேலே 11, இரண்டும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று நிறுத்தினேன். 40 வைத்தால் வேகம் கூடும் என்று பெட்டி ஆசை காட்டும், இந்த நெரிசலில் அது அடுத்தவர் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்வதில்தான் முடியும். 5 ஜிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149.

“ஹார்பர் ரேடாரால தொந்தரவு வருமா?” என்று அண்ணன் கேட்டார், நியாயமான கேள்வி. 5 ஜிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதியில், 52 முதல் 144 வரையிலான சேனல்களில், ரேடார் தெரிந்தால் ரூட்டர் ஒதுங்கிப் போயாக வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. ஆனால் சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மேல் இருக்கும் வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ரேடார் எஸ் பேண்ட் என்ற அலைவரிசைப் பகுதியைச் சேர்ந்தது, அது நம் 2.4-லும் இல்லை, 5-லும் இல்லை. அதன்மேல் பழிபோட முடியாது. நான் 36-ஐயும் 149-ஐயும் எடுத்தது, நடுப்பகுதிச் சேனல்களில் சில ரூட்டர்கள் எதையோ ரேடார் என்று நினைத்து திடீரென்று இடம் மாறும், மீட்டிங் நடுவில் அது வேண்டாம் என்பதற்காக.

ஒரே பெயரா, இரண்டு பெயரா

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு முறை கொடுத்தேன். மேலும் கீழும் என்று தனிப் பெயர் வைப்பவர்கள் உண்டு, சோதிக்கும்போது அது வசதிதான், ஆனால் தினமும் ஏறி இறங்கும் வீட்டில் போன் தானே மாறினால்தான் நிம்மதி.

ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது போன், ரூட்டர் இல்லை. ஐபோன் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தான் வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. அதுவரை தேய்ந்த சிக்னலையே பிடித்துக்கொண்டு நிற்கும். முதலில் முதல் மாடியில் இதுதான் நடந்தது, கீழேயிருந்து வந்த போன்கள் கடைப் பெட்டியை விடவில்லை. அதனால் கீழ்ப் பெட்டியின் 2.4 சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். சிக்னலைக் குறைத்தால் நெட் நன்றாகும் என்று சொன்னபோது பெரியப்பா நம்பவில்லை, முதல் மாடியில் போனை எடுத்துப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். இன்னும் பேத்தியின் பழைய ஆண்ட்ராய்டு போன் மட்டும் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு கணம் தடுமாறிவிட்டுத்தான் மாறுகிறது, அது அந்த போனின் குணம். பல பெட்டிகள் சேர்ந்து ஒன்றாக இயங்கும்படி மெஷ் என்று விற்கும் பெட்டிகள் இந்த மாற்றத்தை இன்னும் நயமாகச் செய்யும், ஆனால் இரண்டே பெட்டி போதும் என்கிற, வயர் இழுக்க முடிகிற வீட்டுக்கு அந்தச் செலவு அவசியமென்று நான் நினைக்கவில்லை.

கடைக்கு வருபவர்களுக்கு பைல் அனுப்ப வைஃபை கொடுக்கும் பழக்கம் பெரியப்பாவுக்கு உண்டு. அவர்களுக்கு ஃபைபர் பெட்டியிலேயே கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் தனியாகத் திறந்தேன். இதைக் கீழ்ப் பெட்டியில்தான் செய்ய வேண்டும். ரூட்டர் வேலை பறிக்கப்பட்ட மேல் பெட்டியில் கெஸ்ட் என்று போட்டால், பல மாடல்களில் அது பெயருக்குத்தான் கெஸ்ட், உள்ளே வீட்டு நெட்வொர்க்கோடு கலந்துவிடும்.

கரண்ட் போனால்

இரண்டு பெட்டிக்கும் ஆளுக்கொரு குட்டி யு.பி.எஸ். வாங்கி வைத்தோம். கீழே மட்டும் வைத்து மேலே விட்டால் பயனில்லை, அண்ணனுக்கு மீட்டிங் அறுந்துவிடும். வாங்கும் முன் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்: கீழ்ப் பெட்டி 12 வோல்ட் 1.5 ஆம்பியர், மேல் பெட்டி 9 வோல்ட். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் எரிந்துபோகலாம். அதனால் 9-ம் 12-ம் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து எடுத்தோம்.

மேல் ரூட்டரின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: அதன் முகவரி 192.168.1.2, டி.எச்.சி.பி. அணைக்கப்பட்டது, வயர் லேன் போர்ட்டில் மட்டும், ரீசெட் பட்டனைத் தொடாதே. ரீசெட் அழுத்தினால் பழைய முகவரியும் டி.எச்.சி.பி.யும் திரும்ப வந்து அதே ரோதனை மறுநாளே ஆரம்பிக்கும். சேவை நிறுவனத்தை மாற்றினாலோ ஃபைபர் பெட்டியை மாற்றிக் கொடுத்தாலோ இன்னொன்றும் பார்க்க வேண்டும். புதுப் பெட்டி 192.168.1 வரிசையில்தான் வரும் என்று நிச்சயமில்லை, 192.168.29 மாதிரி வேறு வரிசையில் வரலாம். அப்போதும் மேலே நெட் ஓடும், ஆனால் 192.168.1.2 என்று தட்டினால் மேல் ரூட்டரின் பக்கம் திறக்காது, பிரிண்டருக்கு ஒதுக்கிய எண்ணும் போய்விடும். புதுப் பெட்டிக்குள் போய் அதன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றி, 100 முதல் 200 வரை வரிசையைச் சுருக்கி, பிரிண்டருக்கு 20-ஐ மறுபடி ஒதுக்கிவிட்டால் போதும், மாடியில் எதையும் தொட வேண்டாம். இதையும் அண்ணிதான் சீட்டின் கீழே எழுதச் சொன்னார்கள், எழுதியாயிற்று.